துளிர் வேண்டாம் என்றார் டாக்டர்

மார்ச் 4
படம் வரைய மருத்துவமனையின் வெளிச்சுவர் கிடைத்திருக்கிறது. நரம்பு செத்து, தசை ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய்க்கு உள்ளே ஒரு புது மருந்தைச் சோதிக்கிறார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் அது புரியும்படி வரைய வேண்டும். ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா விளக்குவார், நான் வரைவேன். தங்கை அந்தச் சோதனையில் இருக்கிறாள். அதனால்தான் கேட்டதும் தலையாட்டினேன்.

மார்ச் 19
நரம்பை மரமாக வரைந்து, பட்ட கிளைகளில் பச்சைத் துளிர் வைத்தேன். டாக்டர் அண்ணாந்து பார்த்தார்.
"அழகாத்தான் இருக்கு. ஆனா துளிர் வேணாங்க. செத்த நரம்பு திரும்ப முளைக்காது. மருந்து வேலை செஞ்சாலும் மிச்சத்தைக் காப்பாத்தும், அவ்வளவுதான்."
"பாக்குறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணாமா?"
"நம்பிக்கை வேற, பொய் வேற."
சுருக்கென்றது. படம் வரைவது யார், அவரா நானா? மருத்துவமனை மேலாளர் வந்து ஆகா ஓகோ என்றார். துளிர் இருக்கட்டும்.

ஏப்ரல் 8
தங்கைக்கு டம்ளர் பிடிக்க வரவில்லை. "அக்கா, எனக்குக் குடுக்கிறது மருந்தா, வெறும் மாவா?" என்று சிரிக்கிறாள். சோதனையில் பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரைதான்; யாருக்கு எது என்று முடிவு வரும்வரை சொல்ல மாட்டார்கள். அவளுக்கு நாக்கும் குழறுகிறது.

ஜூன் 11
முடிவு வந்துவிட்டது. மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. டாக்டர், நான் வரைவதற்குச் சுவரோரம் கட்டியிருந்த சாரத்தின் கீழ்ப்பலகையில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.
"உங்க தங்கச்சி சாப்பிட்டது நிஜ மருந்துதாங்க."
அப்போ நிஜ மருந்தைச் சாப்பிட்டும் பலன் இல்லை. இனி என்ன இருக்கு? ஒண்ணுமே இல்ல.

ஜூன் 12
தங்கையிடம் சொன்னேன். அவள் ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் உன் துளிரைப் பாப்பேன்க்கா. பாத்துட்டு விரலை ஆட்டி ஆட்டிப் பாப்பேன்."
ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்.

ஜூன் 14
சாரத்தில் ஏறித் துளிர்களைச் சுரண்டினேன். டாக்டர் கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடியில் அவர் சொன்னதை எழுதினேன்: 'இந்த மருந்து பலன் தரவில்லை. சோதனைக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் இல்லையென்றால் இதுகூடத் தெரிந்திருக்காது.'
மேலாளர் கத்தினார். "தோத்ததை யாராவது ஊருக்கெல்லாம் எழுதி வைப்பாங்களாம்மா?"
டாக்டர், "நாங்க வைப்போம் சார்" என்றார்.

ஜூன் 20
வெள்ளையடித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 2
தங்கைக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஆகாரம் குழாய் வழியாகத்தான். கொடுக்கப் பழகிவிட்டேன்.
டாக்டர் போன் செய்தார். வேறொரு மருத்துவமனையில் சுவர் தருகிறார்களாம். "இப்ப முடியாதுங்க" என்றேன்.
"அப்ப நான் வீட்டுக்கு வரட்டுமா? டாக்டரா இல்ல. சும்மா."
சாயங்காலம் வந்தார். மருந்தைப் பற்றி யாரும் பேசவில்லை. தங்கையின் கையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தவர், நகவெட்டி இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். விரல் விரலாக, அவசரமே இல்லாமல், நகம் வெட்டிவிட்டார்.
தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். நான் அடுப்பில் பால் வைத்தேன், மூன்று பேருக்கும்.