மட்டிக்குப்பத்தின் பதினேழாம் பக்கம்

என் உயிரான கற்பகம் அக்காவுக்கு,

நீ கண்மூடி அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீ உன் கைப்பட எழுதிய மட்டிக்குப்பம் ஊர் வரலாற்று நோட்டு என் ஜெராக்ஸ் கடை மேஜைக்குள் இருக்கிறது. ரேஷன் கடையில் அரிசி நிறுத்துப் போட்டுக்கொண்டே, "உங்க தாத்தா எங்கேர்ந்து வந்தாரு?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு எழுதினாயே, அதேதான்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய நம் இடம் அரசாங்கக் கணக்கில் வெறும் புறம்போக்கு. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. இங்கே ஒரு ஊர் இருந்தது என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். உன் நோட்டைத்தான் நகல் எடுத்துக் கொடுத்தோம். மட்டிச் சிப்பியின் ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய காளவாய், கடல் கொண்டுபோன பழைய குப்பம், கோயில் எழும்பிய கதை, எல்லாவற்றையும் படித்த அதிகாரி, மட்டிக்குப்பம் என்று பதிவேட்டில் ஏற்றினார். ஊரே வெடி வெடித்தது.

என்னால்தான் சிரிக்க முடியவில்லை. நான் கொடுத்த நகலில் பதினேழாம் பக்கம் இல்லை அக்கா.

அந்தப் பக்கத்தில் நீ எழுதியிருந்தாய்: நாம் வருவதற்கு முன்பே உப்பளத்தில் வேலை செய்த குடும்பங்கள் இங்கே வாழ்ந்தன. கிணறு அவர்களில் முனியன் என்பவர் வெட்டியது. கடலுக்கு ஊரைப் பறிகொடுத்து வந்த நம் ஆட்கள், அதே கிணற்றில் அவர்கள் இறைக்கக் கூடாது என்றார்கள். சண்டை முற்றி, குடிசைகளைக் கொளுத்தி அவர்களைத் துரத்தினார்கள். கொளுத்தியவர்களில் முதல் பெயராக நம் தாத்தாவின் பெயரை எழுதியிருந்தாய்.

இதை ஏன் என்னிடம் உயிரோடு இருக்கும்போது சொல்லவில்லை?

நகல் எடுத்த அன்று ஊர்த் தலைவர் கடைக்கே வந்துவிட்டார். "அந்தப் பக்கத்த வுட்டுடு நைனா. அத்தப் படிச்சா நம்மள வந்தேறின்னு எழுதிடுவான். அப்பால அத்தினி வூடும் தெருவுலதான் நிக்கும்." அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு நகல் எடுத்தேன். ஒரு தாளை ஒதுக்கி வைப்பது என் தொழிலில் எவ்வளவு சுலபம்!

செய்தி என் கடைப் பெயரோடு பேப்பரில் வந்தது. மறுவாரம் வியாசர்பாடியிலிருந்து தனம் என்று ஒரு அம்மா கடைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். வாக்காளர் அட்டையை நகல் எடுக்கக் கொடுத்தபடியே கேட்டார்.

"அந்த ஊர்க் கெணறு எங்க தாத்தா முனியன் வெட்னதுன்னு எங்கம்மா சொல்லிகினே இருப்பாங்க. ஊர் சரித்திரத்துல அவுரு பேரு கீதாப்பா?"

"இல்லம்மா" என்றேன்.

"கெணறாவது கீதா?"

"மூடிட்டாங்கம்மா."

அன்று காலைகூட அந்தக் கிணற்றுத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அட்டை ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடியிலேயே கிடந்தது. அதிலிருந்த முகம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

நேற்று அட்டையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வியாசர்பாடிக்குப் போனேன். குடியிருப்பின் மூன்றாம் மாடி. "அன்னிக்கி உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்றபடியே பதினேழாம் பக்கத்தைப் படித்தேன். முனியன் பெயர் வந்ததும், "இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். பிறகு கேட்டார், "கொளுத்துனவன் பேரு போட்டுக்கீதா?"

படித்தேன்.

"அவன் உனக்கு இன்னா ஒறவு?"

"எங்க தாத்தா."

அவர் அழவுமில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். கடைசியில், "என்கிட்ட படிச்சி இன்னா பிரயோஜனம்? எனுக்குத் தெரிஞ்ச கதைதான். உங்க ஊரு முன்னாடி படி. ஞாயித்துக்கெயம நான் வரேன்" என்று சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டார்.

தலைவரிடம் சொல்லிவிட்டேன். "பேரு போச்சுன்னா நீதான் பொறுப்பு" என்கிறார். அவர் பயமும் பொய்யில்லையே. பதிவை ரத்து செய்துவிட்டால் நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்? தெரியவில்லை அக்கா. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

ஆனாலும் படிப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் வாசலில், மைக் கொடுக்காவிட்டாலும் என் குரலிலேயே. தாத்தாவின் பெயரை விழுங்க மாட்டேன். யார் எழுந்து போனாலும், தனம் அம்மா உட்கார்ந்திருக்கும்வரை நிறுத்த மாட்டேன்.

உன் எழுத்தைக் காப்பாற்றப் பிந்தி வந்த,
உன் கூடப்பிறந்தவன்,
முருகேசன்