கடித்தும் தெரியாத ஷூ

அக்கா, இன்று காலை பிசியோதெரபி அறையில் பயிற்சி கொடுக்கும் பெண் எனக்காக ஒரு புது ஷூவை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தாள். அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும், "வேண்டாம், எடுத்துண்டு போங்கோ!" என்று கத்திவிட்டேன். பாவம், அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்?

நீங்கள் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குக் கட்டட வேலைக்கு வந்து சாரத்திலிருந்து விழுந்தவர். நான் இதே ஊர் வலியசாலையிலிருந்து ஆபீசுக்குப் போகையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவள். இடுப்புக்குக் கீழே இருவருக்கும் உணர்ச்சியே கிடையாது. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். நான் ஒரே பக்கமாகக் கிடந்தால் அதட்டுவீர்கள்: "ஏட்டி, பெரண்டு படு, புண்ணு வந்துரும்!" வீட்டுக்கு வந்த பிறகும் வருஷக் கணக்கில் அந்த அதட்டல் போனில் வந்துகொண்டிருந்தது.

பழைய அடிக்கு இனி வழியில்லை என்று எல்லாரும் கைவிட்ட பிறகுதான் அந்தச் சோதனைச் சிகிச்சை வந்தது. முதுகுத்தண்டில் ஒரு கருவியைப் பதித்து மின்சாரம் கொடுப்பார்களாம். கால் அசைந்தாலும் அசையலாம், அசையாமலும் போகலாம். நம் இருவரையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். நீங்கள் இங்கே வந்து இறங்கியதுமே தம்பானூர்க் கடைத்தெருவுக்கு ஆள் விட்டு ஷூ வாங்கிவிட்டீர்கள். "புதுசு கடிக்கும்லா? இப்பமே போட்டுப் பழக்கிட்டா நடக்கும்போது சொகமா இருக்கும்." ஒரு வாரம் கழற்றவே இல்லை. புண் என்றால் அத்தனை பயந்த நமக்கு, கடித்தால் தெரிகிற கால் இல்லையே அது என்று தோன்றவே இல்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது அக்கா.

கழற்றியபோது குதிகால் சதை அழுகியிருந்தது. "புண் ஆறட்டும், பின்னே நோக்கலாம்" என்றார் டாக்டர். ஆறவில்லை. விஷம் ரத்தத்தில் ஏறியது. ஐசியூவுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதும் என் கையை விடாமல் சொன்னீர்கள்: "டாக்டர்ட்ட சொல்லுட்டி, என் எடத்த வேற ஆளுக்குக் குடுத்துர வேண்டாம்னு." அங்கிருந்து நீங்கள் திரும்பி வரவில்லை.

எனக்குக் கருவி வைத்தாகிவிட்டது. மின்சாரம் ஓடும்போது வலது காலின் பெருவிரல் அசைகிறது. "அனங்ஙி! கண்டோ?" என்று டாக்டர் மலையாளத்தில் துள்ளினார், அசைந்ததைப் பார்த்தாயா என்று. அம்மா "பத்மநாபா!" என்று அழுதாள். நிறுத்தினால் பழையபடி கட்டைதான். இத்தனூண்டு அசைவுக்கா நீங்கள் போனீர்கள்?

"இவ்வளவுதான் வரலாம், மனசைத் தேத்திக்கோங்க" என்று இப்போது ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். எப்படித் தேற்றுவது? உங்கள் இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். சொன்னேன் அக்கா, கெஞ்சினேன், கேட்கவில்லை. உங்கள் ஆசையை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அது என்னிடம்தான் இருக்கிறது. என்னுடையதோடு சேர்ந்து இரட்டிப்பாகி உயிரை வாங்குகிறது.

நடக்கணும் அக்கா. எனக்கு நடக்கணும்.