மானின் காதில் கட்டிய பெயர்

பிட்ஸ்பர்க்,
15 செப்டம்பர் 2024

அன்புள்ள தமிழுக்கு,

மூலக்கொட்டாய் தபாலாபீசுக்கு வெளிநாட்டுத் தபால் வந்து ஆறு மாதமாகிறது, போஸ்ட் மாஸ்டரான உனக்கே இழுக்கு என்று எழுதியிருந்தாய். இதோ வந்துவிட்டது. ஸ்டாம்பைக் கிழிக்காமல் எடுத்து உன் மகளிடம் கொடு. நல்லது கெட்டதுக்கு மட்டும் போன், மற்றதெல்லாம் கடிதம் என்று நீ போட்ட சட்டத்தை சாயிரா கல்யாணமான நாளிலிருந்து கேலி செய்கிறாள். இந்தக் காலத்தில் பேனா தேடி அலையும் ஒரே ஆள் நான்தானாம்.

இங்கே எல்லோரும் சுகம். மகன் ஃபைசான் என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டான். என் அத்தா தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பழைய படத்தைப் பார்த்து, "இது நீங்களா?" என்று கேட்கிறான். தலைமுடி போனதிலிருந்து நான் அப்படித்தான் இருக்கிறேன்.

ஒரு புதுச் செய்தி. நாங்கள் இருக்கும் புறநகரில் மான் தொல்லை அதிகம். தோட்டத்தில் ஒரு தக்காளியை விடுவதில்லை. ரோட்டில் பாய்ந்து கார்களில் அடிபடுகின்றன. வீடுகள் நெருக்கமாக இருப்பதால் துப்பாக்கி கூடாது. அதனால் வருஷத்தில் சில மாதம் வில்லும் அம்பும் வைத்து வேட்டையாட அனுமதிச் சீட்டு தருகிறார்கள். கூட வேலை பார்க்கும் கிரெக், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வருஷாவருஷம் போகிறான். இந்த முறை என்னையும் இழுத்துவிட்டான். வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி லைசென்சும் வாங்கிவிட்டேன். வில் என்றதும் கோயில் சிலையில் இருப்பதை நினைக்காதே. உங்கள் கிணற்றில் இருந்த மாதிரி இரண்டு பக்கமும் கப்பி வைத்தது.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏன் சரி என்றேன் என்று எனக்கே புரியவில்லை. உன்னிடம் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மாமா எப்படி இருக்கிறார்? உன் அப்பாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் நீ பதில் எழுதுவதே இல்லை. இந்த முறையாவது எழுது.

உன்
அன்வர்


மூலக்கொட்டாய்,
பாப்பிரெட்டிப்பட்டி வழி,
8 அக்டோபர் 2024

அன்பு அன்வருக்கு,

ஸ்டாம்பு கிடைத்தது. மகள் நோட்டில் ஒட்டிவிட்டாள். அவள் அம்மா சசிகலா உன்னையும் சாயிராவையும் விசாரிக்கச் சொன்னாள்.

உன் கடிதத்தை மூன்று நாள் மேஜை டிராயரிலேயே வைத்திருந்தேன். மான் வேட்டைக்குப் போகிறேன் என்று எனக்கா எழுதுகிறாய்? உனக்கு அது லைசென்ஸ், பரீட்சை, நண்பர்களோடு ஒரு நாள் பொழுது. எங்கள் வீட்டை ஒரு மான் மொத்தமாக மேய்ந்துவிட்டுப் போனது உனக்கு மறந்துபோச்சா?

மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். அது நடந்த மறுவாரமே நீ பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாய், பாதிக் கதைதான் உன் காதுக்கு வந்திருக்கும். 2003, தை மாதம். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிறேன். ஊருக்கு வெளியே எங்கள் கொல்லைக்காட்டில், கிணற்றடியில் ஒரு புள்ளிமான் விழுந்து கிடக்கிறது. கடலைச் செடிக்குள் ஒரு நாட்டுத் துப்பாக்கி. அப்பா மானின் பக்கத்தில் உட்கார்ந்து கையால் தண்ணீர் அள்ளி அதன் வாயில் விட்டுக்கொண்டிருந்தார். வெடிச் சத்தம் கேட்டுக் காட்டிலாகா ஆட்கள் வந்தார்கள். "யார்ரா சுட்டது?" என்றார்கள். "நாந்தாங்க" என்றார்.

"ஏம்ப்பா இப்பிடிப் பண்ண?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "செடிக்குத் தண்ணி கட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இரண்டு வருஷம் ஜெயில். எட்டாவது மாதம் அம்மா போய்விட்டாள். அவர் திரும்பி வந்தபோதும் ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை. முனியப்பன் கையில் துப்பாக்கியா என்றார்கள். மாரியம்மன் முன்னால் கற்பூரத்தை ஏற்றி, "இதை அணைச்சு நான் சுடலைன்னு சத்தியம் பண்ணு, ஊர் ஏத்துக்கும்" என்றார்கள். நான் அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அணைக்க மாட்டேன்" என்றார். அப்போதுதான் எனக்கும் உறுதியானது. திருவிழாவில் எங்கள் வீட்டுக்கு இருந்த முதல் மாவிளக்கு அன்றோடு போயிற்று.

அதிலிருந்து அவர் கொல்லையில் இருக்கும் கொட்டாய்க் குடிசையில், நான் ஊருக்குள். சோறு சசிகலா கொண்டுபோய் வைக்கிறாள். நான் அவரிடம் வாய்விட்டுப் பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. எதற்காகச் சுட்டாய் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

நீ கேட்டதற்குப் பதில்: நன்றாக இல்லை. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. இதயம் பலவீனமாம், டாக்டர் நாள் குறிக்காத குறைதான். அவர் போவதற்குள் ஒரு தரமாவது கேட்டுவிட வேண்டும், அன்வர். கொல்லை வரப்பு வரைக்கும் போகிறேன், வாய் வரவில்லை, திரும்பி வந்துவிடுகிறேன்.

நீ வேட்டைக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். அடிபட்ட மானைத் தவிக்க மட்டும் விடாதே.

உன்
தமிழ்


பிட்ஸ்பர்க்,
10 நவம்பர் 2024

அன்புள்ள தமிழுக்கு,

போய்வந்துவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கிரெக்குக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காடு. மரத்தில் ஏணி வைத்து இருக்கை கட்டியிருந்தார்கள். விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும், பெட்டை மான் ஒன்று வந்தது. பிஸ்மில்லா சொல்லி அம்பை விட்டேன். பட்டது, ஓடிவிட்டது. நான் இறங்கப் போனேன். கிரெக் பக்கத்து மரத்திலிருந்து கையைக் காட்டி நிறுத்தினான். உடனே துரத்தினால் பயத்தில் வெகுதூரம் ஓடும், அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் பக்கத்திலேயே எங்காவது படுத்துவிடும் என்பது இவர்கள் கணக்கு. அந்த அரை மணி நேரம் எனக்கு வேறு எதுவும் நினைவில்லை. உங்கள் கிணறுதான் கண்ணில் நின்றது.

பிறகு சருகில் இருந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே போனோம். அது வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுத் தோட்டத்தில் விழுந்து கிடந்தது, உயிர் போயிருந்தது. இங்கே அடுத்தவர் இடத்தில் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. கதவைத் தட்டினோம். ஒரு கிழவர் வந்தார். மானைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "யார் எய்தது?" என்று கேட்டார்.

தமிழ், கிரெக் என்னைப் பார்க்கிறான். கிழவர் திரும்பவும் கேட்கிறார். கடைசியில், "நான்தான்" என்றேன். அவருக்கு அவ்வளவுதான் தெரிய வேண்டியிருந்தது. தலையாட்டிவிட்டு வேலிக் கதவைத் திறந்துவிட்டார்.

மானை எடுப்பதற்கு முன் அடித்தவன் தன் பெயரை, தேதியை, இடத்தைச் சீட்டில் எழுதி அதன் காதில் கட்ட வேண்டும், அது சட்டம். கிரெக் பேனாவைக் கொடுத்தான். என் பெயரை எழுத மூன்று தடவை ஆரம்பித்தேன். குளிரில் பேனா எழுதவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். கறியில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதோடு இன்னொரு உறை வரும். அது மாமா பெயருக்கு. பிரிக்காமல் அவர் கையில் கொடு. அவருக்குப் படிக்கத் தெரியாது, நீதான் படித்துக் காட்ட வேண்டும். அதற்காகவாவது வரப்பைத் தாண்டிப் போ. தள்ளிப்போடாதே.

உன்
அன்வர்


பிட்ஸ்பர்க்,
10 நவம்பர் 2024

மரியாதைக்குரிய முனியப்பன் மாமாவுக்கு,

பாப்பிரெட்டிப்பட்டி டெய்லர் மகன் அன்வர் பாஷா எழுதுவது. இதைப் படிப்பது தமிழ்தான் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அன்று உங்கள் கொல்லையில் விழுந்த மானைச் சுட்டது நான்.

பஸ் ஸ்டாண்டில் பழக்கமான இரண்டு பேர் காட்டோரம் கூட்டிப்போனார்கள். துப்பாக்கி அவர்களுடையது. ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறாயா என்றார்கள். குறி தப்பும் என்றுதான் நினைத்தேன். அடிபட்ட மான் உங்கள் கொல்லைப் பக்கம் ஓடியது. நான் துரத்திக்கொண்டு வந்தேன், மற்ற இரண்டு பேரும் வேறு பக்கம் ஓடிவிட்டார்கள். கிணற்றடியில் அது விழுந்தபோது நீங்கள் மேட்டிலிருந்து கூப்பிட்டீர்கள். துப்பாக்கியைச் செடிக்குள் போட்டுவிட்டு ஓடினேன். அந்த ரம்ஜானுக்கு என் அத்தா ஒரே துணியில் எனக்கும் தமிழுக்கும் தைத்துக் கொடுத்த பச்சைக் கட்டம் போட்ட சட்டையில் இருந்தேன். வாய்க்காலைத் தாண்டும்போது திரும்பினேன். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

மறுவாரம் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தேன். போலீசோ காட்டிலாகாவோ வரும் என்று தினமும் காத்திருந்தேன். நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வயதுப் பையன், பிழைத்துப் போகட்டும் என்று விட்டீர்கள். அந்தக் கருணையில்தான் இந்த வேலை, இந்த வீடு, என் மகன் எல்லாம். அத்தை இறந்த செய்தி கேட்டு வந்தபோதுகூட வாசலில் நின்று அழுதேனே தவிர வாயைத் திறக்கவில்லை. நான் கோழை, மாமா.

மன்னிப்பு கேட்க எனக்குத் தகுதி இல்லை. தை மாதம் ஊருக்கு வருகிறேன். கோயிலில் ஊர் முன்னால் நின்று சொல்கிறேன். காட்டிலாகாவிலும் எழுதிக் கொடுக்கிறேன். அதனால் எனக்கு என்ன வந்தாலும் வரட்டும்.

உங்கள்
அன்வர் பாஷா


மூலக்கொட்டாய்,
5 டிசம்பர் 2024

அன்வர் பாஷா அவர்களுக்கு,

இரண்டு உறைகளும் ஒரே நாளில் வந்தன. புயல் மழையில் வாய்க்கால் உடைந்து, கொல்லைக்குப் போகும் பாதையில் முழங்கால் தண்ணீர். உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்று, "தபால்" என்றேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"எனக்கா?" என்றார்.

"உனக்குத்தான். அன்வர் எழுதியிருக்கான்."

"உக்காந்து படி."

படித்தேன். அந்த மானைச் சுட்டது நான் என்ற வரியில் நிறுத்திவிட்டேன். அவர், "படிப்பா" என்றார். முழுக்கப் படித்து முடித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப நீ இல்லியா?"

எனக்குப் புரியவில்லை. "எது?" என்றேன்.

"வெயில் மூஞ்சிக்கு நேரா அடிச்சுது. சட்டைதான் தெரிஞ்சுது. அந்தப் பச்சைக் கட்டம் போட்ட சட்டை. நீன்னுதான் நெனச்சேன்."

"என்னைய ஏம்ப்பா ஒரு வார்த்த கேக்கல?"

"ஏம்ப்பா இப்பிடிப் பண்ணன்னு எல்லார் முன்னாலயும் கேட்ட பாரு. நல்லா நடிக்கறான், பொழச்சுக்குவான்னு நெனச்சேன். அப்பறம் வந்து பாத்தா நீ பேசவே இல்ல. செஞ்சவனுக்கு எம்மூஞ்சியப் பாக்கக் கூச்சமா இருக்கும்னு உட்டுட்டேன்."

"கற்பூரம்?"

"அணைச்சு நானில்லன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்க. ஆத்தா முன்னால உம் பேர எப்பிடிச் சொல்றது?"

அன்று அவர் எதிரில் நான் அந்தச் சட்டையோடுதான் நின்று கத்தினேன், பால் ஊற்றப் போகும்போது போட்டிருந்தேன். அதையும் அவர் பார்த்திருக்கிறார். பார்த்து இன்னும் உறுதியாகியிருக்கிறது அவருக்கு.

ஆக, உன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. நீ இத்தனை வருஷம் சாப்பிட்டு வந்த கருணை எனக்கு வைத்த சோறு. நான் அதைத் தொடாமலே எழுந்து போயிருக்கிறேன். உன்மேல் கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் உன்னைவிட என்மேல்தான் ஆத்திரம். நீ அவரை விட்டு ஓடினது ஒரு தடவை. நான் தினமும் இந்த ஊரிலேயே இருந்துகொண்டு அவரை விட்டு ஓடியிருக்கிறேன்.

நேற்று அவரை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். ஆள் பஞ்சுபோல் இருக்கிறார். ஒரே தட்டில் சாப்பிட்டோம். ரசம் காரமாக இருக்கிறது என்று சசிகலாவைக் குறை சொன்னார்.

தை மாதம் நீ வருவதைப் பற்றிக் கேட்டேன். "ஊருக்கு முன்னால எல்லாம் வேணாம். அந்தக் கெணத்தடியில வந்து நிக்கட்டும். எம்மூஞ்சியப் பாத்து ஒரு தரம் சொல்லட்டும். அது வரைக்கும் நான் இருக்கேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். ஊர் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன, வருகிற திருவிழாவில் நான் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் மாவிளக்கு வைக்கப் போகிறேன்.

நீ கிணற்றடிக்கு வரும் நாளில் நான் அங்கே இருக்க மாட்டேன். இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். அப்பாவுக்கு எழுதுங்கள். தபாலைக் கொண்டு சேர்ப்பது என் வேலை. ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
முனியப்பன் மகன்
தமிழ்மணி