சிவப்பு நடுவம் வைத்த மலைப்பூ

என் ஞானப்பூ அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. உனக்கு எழுத இப்போதுதான் ஒரு காரணம் வந்தது. நீ தைத்த ஒரு பூதான் காரணம். மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் வெள்ளைக்கார டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு ஜெர்மன் ராணுவச் சின்னத்தை எங்குமே பார்த்ததில்லை என்கிறார்.

சிரிக்காதே. திருடனுக்குத் தேள் கொட்டினது போல உட்கார்ந்திருந்தேன் நான். அவரும் என்னைப்போல இந்தச் சின்னங்களைச் சேர்க்கிறவராம். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து, நான் எழுதி ஒட்டிய சீட்டுகளைப் படித்துக்கொண்டே வந்தவர் அந்தப் பூவில் நின்றுவிட்டார். அதை அவருக்குக் கொடுத்தால், அவரிடம் இருப்பதில் எதை வேண்டுமானாலும் நான் எடுத்துக்கொள்ளலாமாம். அசல்தான் என்று என் கையால் ஒரு வரி எழுதித் தந்தால் போதுமாம். சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டியின் கதை உனக்குத் தெரியும். இந்தச் சபைப் பத்திரிகையில் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இத்தாலியில் யுத்தம் நடந்தபோது நான் ஆம்புலன்ஸ் ஓட்டினேன். கண்ணிவெடியில் ஒரு கால் போயிற்று. படுத்திருந்த வார்டில் காயம்பட்ட ஜெர்மன் கைதிகளும் இருந்தார்கள். ஒரு சிகரெட் கொடுத்தால் கோட்டிலிருந்து சின்னத்தை வெட்டித் தருவார்கள். அப்படிச் சேர்ந்த பதினொரு துண்டுகளோடு கோட்டாற்றுச் சந்தில் நம் வீட்டு உள்ளறைக்கு வந்து சேர்ந்தேன். அதன்பிறகு ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கம்பி போட்ட ஒரு ஜன்னல். அவ்வளவுதான் என் உலகம்.

யுத்தத்துக்குப் போய்வந்த நம் ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்ததைக் கொண்டுவந்து காட்டத் தொடங்கினார்கள். தோள்பட்டையின் ஓரத்தில் வெள்ளை என்றால் காலாட்படை, சிவப்பு என்றால் பீரங்கி, ரோஸ் என்றால் டாங்கி என்று பிரித்துச் சொல்வேன். "டாங்கிக்காரனுக்கு ரோஸ் கலரா? கொச்சுப்பிள்ளைக்க பாவாடை மாதிரியில்லா இருக்கு!" என்று ஒருவர் சிரித்த சிரிப்பு சந்து முழுக்கக் கேட்டது. சுவஸ்திகத்தைக் காலில் பற்றிய கழுகுச் சின்னங்களும் வந்தன. அந்தக் குறியின் பேரால் என்னென்ன செய்தார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு அவற்றை மேசையில் குப்புறத்தான் வைப்பேன். அதனாலேயே சின்னங்களின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும்.

நாகர்கோவிலுக்கு எத்தனை ஜெர்மன் சின்னம்தான் வரும்? ஒரு கட்டத்தில் வரத்து நின்றது. நான் சவரம் செய்துகொள்வதை விட்டேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். நீ மிஷன் தையல்கூடத்தில் வேலை முடித்து வந்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாய். அப்போதுதான் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் மைதீன் அண்ணன் ஒரு துண்டோடு வந்தார். "பழைய கோட்டு மூடையில கெடந்துது மக்கா. என்னதுன்னு பாரு" என்றார்.

மலைப்படைக்காரர்கள் கோட்டின் வலது கையில் தைத்துக்கொள்ளும் சின்னம். கரும்பச்சைத் துணியில் வெள்ளைப் பூ. ஆனால் பூவின் நடுவில் சிவப்பு! அசலில் அது மஞ்சள். உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் அது சிவப்பு, என் நோட்டில். வார்டில் பார்த்ததை நினைவிலிருந்து வரைந்தபோது மஞ்சள் பென்சில் தீர்ந்திருந்தது, சிவப்பைப் போட்டுவைத்தேன். துண்டைத் திருப்பிப் பார்த்தேன். ஜெர்மன்காரன் மெஷினில் தைத்ததன் பின்பக்கம் நூல் சிக்குப் பிடித்துக் கிடக்கும். இது முன்பக்கத்தைப் போலவே சுத்தமாக இருந்தது. எங்கேயும் ஒரு முடிச்சு இல்லை. அப்படி முடிப்பதற்குத் தையல்கூடத்து வெள்ளைக்கார மதாம்மா எத்தனை தடவை உன்னைப் பிரித்துத் தைக்க வைத்தாள் என்று எனக்குத் தெரியாதா?

நீ கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தாய். "என்ன மக்கா, நல்லதா?" என்று கேட்டாய்.

"அசல் சரக்குக்கா" என்றேன். அன்று ராத்திரி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் நோட்டில் அந்தப் பூவுக்குப் பக்கத்தில் 'நடுவில் மஞ்சள்' என்று எழுதி வைத்தேன். நீ அடுத்ததைச் சரியாகச் செய்ய வேண்டுமே! அதற்குப்பிறகு நூலின் நிறம், துணியின் நிறம், இத்தனை அங்குலம் என்று எல்லாவற்றையும் எழுதினேன். நீயும் நோட்டைத் தெரியாமல் எடுத்துத் தெரியாமல் திருப்பி வைத்தாய். நாலு வருஷத்தில் ஒன்பது சின்னங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம் அக்கா, நீயும் நானும் சேர்ந்து.

இதோடு போயிருந்தால் விளையாட்டு என்றே விட்டுவிடலாம். மார்த்தாண்டத்து வாத்தியார் உன்னைப் பெண் கேட்டு வந்தார். தாரம் இழந்தவர், மலையில் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை. முன்னறையில் அவர் பேசியது, நீ பேசியது எல்லாம் எனக்குக் கேட்டது. "தம்பிய விட்டுட்டு நான் எங்க வர? அவனுக்க கூட யாரு இருக்கா?" என்றாய். அவர் எழுந்ததும், "ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்று இருத்தினாய். அன்று சாயங்காலமே மைதீன் அண்ணன் ஒரு புதுச் சின்னத்தோடு வந்தார். நான் அதை வெளிச்சத்தில் பிடித்து அரைமணி நேரம் விளக்கம் சொன்னேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? உனக்கு வெட்கமாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. நான் சொல்லியிருந்தால் நீ தைப்பதை நிறுத்தியிருப்பாய். நிறுத்தினால், இவன் இனி தனியாக இருந்துகொள்வான் என்று உனக்குத் தோன்றியிருக்கும். நீ போய்விடுவாய் என்று பயந்தேன் அக்கா. அந்த வாத்தியாரின் செருப்புச் சத்தம் சந்து முனையைத் தாண்டுகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்து நாள் காய்ச்சலில் நீ போனாய். சின்னம் வருவதும் நின்றது. மைதீன் அண்ணனும் நானும் அதைப்பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

டாக்டர் வந்துபோன மறுநாள் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டேன். "எனக்கு எல்லாம் தெரியும் அண்ணே. எல்லாம் அக்கா செஞ்சது. அவ போறது வரைக்கும் நான் தெரியாத மாதிரி இருந்துட்டேன்" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "ஒனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும்டே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"நோட்டுல மஞ்சள்னு எழுதி வச்சிருந்தியாம்லா? அத பாத்த அன்னைக்கே எங்கிட்ட வந்து சொல்லிட்டா. 'அண்ணே, அவன் கண்டுபிடிச்சிட்டான். எனக்காவேண்டி தெரியாதது போல இருக்கான். இப்ப நான் நிறுத்தினா அவனுக்க மனசு நொந்துபோவும்'ன்னு. கண்ணு மங்குதுன்னும் ரெண்டு தடவை சொன்னா. போதும் பிள்ளே, விட்டுருன்னேன். கேக்கலியே!"

அக்கா, நிறுத்த வேண்டுமென்று உனக்கும் இருந்ததா? நீ நிறுத்தினால் நான் நொந்துபோவேன் என்று நீ தைத்தாய். நான் சொன்னால் நீ நொந்துபோவாய் என்று நான் சீட்டு எழுதினேன். பூட்டே இல்லாத கதவுக்குப் பின்னால் நாலு வருஷம் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். யாராவது ஒருவர் தள்ளிப் பார்த்திருக்கக் கூடாதா? நான் தள்ளியிருக்க வேண்டும். பெண் கேட்டு வந்தது உன்னைத்தானே.

சனிக்கிழமை டாக்டர் வந்தார். இது என் அக்கா செய்தது, சீட்டில் எழுதியிருப்பது பொய், இதோடு இன்னும் எட்டு இருக்கின்றன என்று சொல்லி ஒன்பதையும் பிரித்து வைத்தேன். அவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். காப்பித் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். அதைக் குடித்துவிட்டு, நான் சேர்த்த மற்றவற்றையும் இனி நம்ப முடியுமா என்கிற பார்வையோடு போனார். அது நியாயம்தான்.

மற்றபடி செய்திகள் பெரிதாக இல்லை. நம் தாலுக்காக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்று எல்லோரும் பேசுகிறார்கள். தையல்கூடத்தில் உன் இடத்தில் இன்னும் யாரையும் உட்கார வைக்கவில்லையாம். நான் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். சமையல் நானே செய்கிறேன், குழம்பில் உப்பு ஒரு நாளும் சரியாக வருவதில்லை.

மார்த்தாண்டத்து வாத்தியாரும் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர் என்று கேள்வி. படிக்கட்டும். உனக்கு விருப்பமில்லை என்று அவர் நினைத்திருந்தால், அப்படியில்லை என்று அவருக்கும் தெரியட்டும்.

தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொண்டு இனி ஒரு நாளும் யாரையும் என்னோடு கட்டிவைக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம். அன்றைக்கு உள்ளறையிலிருந்து சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதை இன்று ஊர் கேட்கச் சொல்கிறேன். எக்கா, எனக்கு எல்லாம் தெரியும். நான் இருந்துகிடுவேன். நீ அவரு கூடப் போ.

உன் கூடப்பிறந்த தம்பி,
தங்கராஜ்