யோரிண்டேயின் சைக்கிள்

யோரிண்டேயின் அப்பாவுக்கு,

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நூனன் ஊருக்கு வந்துவிடு. ஓவியர் வான்கோ வரைந்த சின்ன தேவாலயத்தின் வாசலில் நிற்பேன். அடுத்து காற்றாலை, கடைசியாக அவர் குடியிருந்த வீடு. சைக்கிளில் போய்ப் பார்க்க அவள் எழுதிவைத்த பட்டியலின் வரிசை இது, மாற்ற மாட்டேன்.

அதை எழுதும்போதே, "அப்பா லேட்டாத்தான் வருவாரு. திட்டிடாதம்மா," என்றாள். திட்ட மாட்டேன்.

கழிப்பறையில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரில் அவள் பெயரைப் பார்த்துவிட்டு உன் அக்கா, "இனி எதுக்கு அந்தப் பேரு? அடிச்சிடு," என்றாள். நான் அடிக்கவில்லை. சனிக்கிழமை அவளுக்குப் பதினெட்டு.

அவளைப் புதைத்த அன்று கல்லறையில் நாம் பேசிக்கொள்ளவில்லை. நூனனிலும் பேச வேண்டாம், வந்தால் போதும்.

அவள் சைக்கிளை ஒரு கையால் பிடித்து உருட்டியபடி என் சைக்கிளில் வருவேன். திரும்பும்போது நீ பிடித்துக்கொள். எனக்குக் கை வலிக்கும்.

அவள் அம்மா