ஒரு கன்று, ஒரு பெயர்

கெலிஓயா
6.9.1981

அன்பு மகன் முத்துலிங்கத்துக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கச்சியும் இங்கே சுகமாக இருக்கிறோம், நைஜீரியாவில் நீயும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று நாலு வரி வந்தால் எங்களுக்கு அது போதும். ஆடி மாதம் நீ போட்ட கடிதம் போன கிழமைதான் கைக்குக் கிடைத்தது, உறை ஓரத்தில் நனைந்திருந்தாலும் எழுத்து அழியவில்லை. பள்ளிக்கூடத்தில் உனக்குக் கணக்குப் பாடத்தோடு விஞ்ஞானமும் தந்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தருவதை எடு, ஆனால் தொண்டையைக் கவனித்துக்கொள், நான் இத்தனை வருஷம் வகுப்பில் கத்திக் கத்தி இப்போது மழைக்காலத்தில் குரலே வருவதில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. மலேரியாக் குளிசையை மறக்காதே. மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று எழுதியதை அப்பாவிடம் நான் வாசித்துக் காட்டவில்லை.

அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வலி, கம்பளைக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார், இரண்டு நாள் கஞ்சி. கடையை அந்த இரண்டு நாளும் நானே பார்த்தேன், ஆணி வாங்க வந்தவர்கள் எல்லாம் டீச்சர் கையால் ஆணி வாங்குகிறோம் என்று சிரித்தார்கள். உன் பெரியப்பா மகள் வடிவம்மாவுக்குத் தை மாதம் கலியாணம் என்று பேசி முடித்திருக்கிறார்கள், மாப்பிள்ளை ரயில்வேயில் வேலை, பார்க்க நிதானமானவராகத் தெரிகிறார். மழை இந்த வருஷம் பிந்தித்தான் பிடித்தது. மற்றபடி இந்த லீவில் நடந்தது என்று எழுத ஒரு விஷயம்தான் இருக்கிறது, அது தங்கச்சி சந்திரிகாவும் கன்றும் கண்காட்சிக்குப் போன கதை. அவள் உனக்கு எழுத மாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன்.

ரபீகாவை உனக்குத் தெரியும், நம் பின்வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர், புருஷன் மௌத்தான பிறகு ஒரே பசுவை வைத்துப் பால் விற்றுப் பிள்ளையை வளர்த்தவர். நீ போன பிறகு அந்தப் பசு ஒரு கிடாரிக் கன்றைப் போட்ட கையோடு செத்துப்போனது. கன்றும் பிழைக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், தலையைக்கூடத் தூக்கவில்லை. ரபீகாவின் மகள் கைரியாவும் நம் சந்திரிகாவும் அதைச் சாக்கில் சுற்றி அடுப்பங்கரையில் போட்டு, போத்தலில் பால் மா கரைத்து ஊற்றி, இரவு பகல் என்று முறை வைத்துப் பார்த்தார்கள். நான் அதை ஒரு கிழமை விளையாட்டு என்று நினைத்தேன். கன்று எழுந்து நின்றது. அதற்குச் சீனி என்று பெயரும் வைத்தாயிற்று. பிறகு ஆற்றோரத்தில் புல் அறுப்பதும், உண்ணி பொறுக்குவதும், பள்ளிக்கூடம் விட்டு வந்து மேய்க்கக் கூட்டிப் போவதும் இரண்டு பேரும் சேர்ந்துதான். ஒருத்தி ஒரு பக்கம், மற்றவள் மறு பக்கம், நடுவில் கன்று, இப்படித்தான் அது ரோட்டில் போய்ப் பழகியது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு அது வாசலைத் தாண்டாது.

இந்த வருஷம் இளம் விவசாயிகள் கழகத்தார் கம்பளை மைதானத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு கால்நடைக் கண்காட்சி வைத்தார்கள். கோழி, ஆடு, மாடு, மரக்கறிப் பாத்தி, தேன் பெட்டி எல்லாம் பிள்ளைகளே வளர்த்ததாக இருக்க வேண்டும். மாட்டுக்கு முதல் பரிசு சினையாக உள்ள ஒரு நல்ல சாதிப் பசு. இதைக் கேட்டதும் ரபீகாவின் முகத்தைப் பார்த்தேன், அவர் எழுந்து போய்க் கன்றுக்குத் தவிடு கூட்டிப் போட்டார். பசு செத்த பிறகு அந்த வீட்டில் தையல் மெசின்தான் சோறு போட்டது, சீனி பால் தர இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும். முதல் பரிசு வராவிட்டால், பால் காசு இல்லாமல் தீனிக்குக் கட்டாது என்று, கடுகண்ணாவையில் இருக்கும் தன் தம்பி பஹ்மியின் காணிக்குக் கன்றை அனுப்பிவிடுவதாக அவர் முடிவு செய்திருந்தார், அங்கே புல்லுக்குக் குறைவில்லை.

விதிகளைத் தமிழிலும் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள், எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு நானே இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒரு மிருகத்துக்கு ஒரு பெயர்தான் கொடுக்கலாம். பெயர் கொடுப்பவர் வீட்டிலேயே அது வளர்ந்திருக்க வேண்டும். பெயர் கொடுத்தவரே கயிற்றைப் பிடித்து வளையத்துக்குள் நடத்திக் காட்ட வேண்டும், கம்பு கூடாது, தீனி காட்டக் கூடாது, வேறொருவர் கையோ குரலோ உதவக் கூடாது. பரிசு கொடுத்து முடியும்வரை மிருகத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது. ஒரு பெயர் என்று வாசித்த இடத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொட்டில் ரபீகாவின் வீட்டில், அதனால் கைரியாவின் பெயர்தான் போக வேண்டும், யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. சந்திரிகா சரி என்றாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அவள் ரசம் ஊற்றிக்கொள்ளவில்லை, அதற்கு மேல் எதுவும் காட்டவில்லை. அப்பா மட்டும், பாதி வளர்த்தவளுக்குப் பாதிப் பெயராவது போடலாமே என்று கேட்டார். விதி எழுதியவரிடம் போய்க் கேளுங்கள் என்றேன்.

கண்காட்சி அன்றைக்கு லொறியில் கன்றை ஏற்றிக்கொண்டு காலையிலேயே போய்விட்டோம். ரபீகா, கைரியா, சந்திரிகா, நான். மைதானம் நிறையச் சனம், ஒலிபெருக்கியில் பாட்டு, கடலை வண்டிகள். மூங்கில் நட்டுக் கயிறு கட்டி வட்டமாக வளையம் போட்டிருந்தார்கள். தீர்ப்புச் சொல்ல வந்தவர் ஒரு சிங்கள மிருக வைத்தியர், தமிழ் நன்றாகப் பேசுவார், வயதான மனிதர், எந்த மாட்டையும் அவசரமாகப் பார்க்கவில்லை. கைரியா வெள்ளைச் சட்டையும் முக்காடுமாகச் சீனியைக் கொண்டு உள்ளே போனாள். நுழைந்த இடத்திலேயே கன்று நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தாள், அது முன்காலை ஊன்றிக்கொண்டது. தட்டிப் பார்த்தாள், படுத்துவிட்டது. சனம் சிரித்தது. மற்றப் பிள்ளைகளின் மாடுகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. ரபீகா என் கையைப் பிடித்துக்கொண்டு, வெக்கமாப் போச்சு டீச்சர் என்றார்.

என் பக்கத்தில் நின்ற சந்திரிகாவைக் காணவில்லை. பார்த்தால், கயிற்றுக்கு வெளியே கன்றுக்கு நேரே போய் நின்றிருக்கிறாள். கூப்பிடவில்லை, கையைக் காட்டவில்லை. சும்மா வட்டத்தின் ஓரமாக நடக்கத் தொடங்கினாள். சீனி எழுந்தது. உள்ளே கைரியாவும் வெளியே இவளும் நடக்க, நடுவில் அது வீட்டு ரோட்டில் போவதுபோலவே போனது, தலையை நிமிர்த்திக்கொண்டு அவ்வளவு அழகாக. சிரித்தவர்களே கைதட்டினார்கள். ஒரு சுற்று முடிவதற்குள் கம்பளையில் பேக்கரி வைத்திருக்கும் ஒருவர், அவருடைய மகனும் இன்னும் கன்று போடாத ஒரு நாகு கொண்டு வந்திருந்தான், சத்தம் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். இது ரெண்டு பேர் மாடு, வெளிய நின்னு ஓட்டுது அந்தப் புள்ள, இத ஒத்துக்க ஏலாது என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். வைத்தியர் சந்திரிகாவைக் கூப்பிட்டார். கையில் என்ன என்று கேட்டார், இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். என்ன பேசினாய் என்று கேட்டார். ஒண்ணும் பேசல சேர், சும்மாதான் நடந்தேன் என்றாள். அவர் விதித் தாளை எடுத்து ஒரு முறை முழுக்க வாசித்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, கை கூடாது, குரல் கூடாதுன்னுதான் இதில இருக்குது, கண்ணைப் பத்தி ஒண்ணும் இல்ல, அதனால மாட்டை வெளியே அனுப்ப மாட்டேன், ஆனா மத்தப் பிள்ளைகளுக்கும் ஞாயம் வேணும், இந்தப் பிள்ளை கன்றின் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும், கன்று இன்னொரு தரம் நடக்கட்டும் என்றார். கைரியா அழுவதுபோல் இவளைப் பார்த்தாள். ரபீகா மகளிடம், போ மகள், அல்லா இருக்கான் என்று மட்டும் சொன்னார்.

சந்திரிகாவைக் கூட்டிக்கொண்டு நான் மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் கட்டடத்தின் மறைவுக்குப் போனேன். அதனால் அடுத்து நடந்ததை நானும் பார்க்கவில்லை, கேட்டதைத்தான் எழுதுகிறேன். பாட்டை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு சீனி கத்தியது. அந்தக் குரல் எனக்கே தெரியும், பால் பிந்தினால் அப்படித்தான் நம் பின்வேலியில் வந்து நின்று கத்தும். சந்திரிகா ஓரடி எடுத்து வைத்தாள், நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். திரும்பவும் கத்தியது. விடுங்கம்மா, ஒருக்காத் தலையக் காட்டிட்டு வந்துடுறேன் என்றாள். விடவில்லை. சனம் சிரித்தது கேட்டது, பிறகு சிரிப்பும் நின்றது. அவள் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கைதட்டல் வந்தது, முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிறகு மைதானம் முழுக்க. யாருக்கும்மா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அது உண்மை, ஆனால் இரண்டு பேருக்கும் தெரிந்துதான் இருந்தது.

கன்று முழுச் சுற்றும் நடந்திருக்கிறது. ஆனால் முதல் பரிசு பேக்கரிக்காரர் மகனுக்குத்தான். அந்த நாகை நானும் போய்ப் பார்த்தேன், முதுகு நேராக, கால் நாலும் தூண் மாதிரி, சீனி அதற்கு ஈடில்லை. வைத்தியரும் அதைத்தான் சொன்னார், நடையில் சீனி மேல், உடம்பில் அது மேல் என்று. கைரியாவுக்கு இரண்டாம் பரிசு ஒரு பெரிய பால் வாளி. வாளி வந்திட்டுது, மாடு மட்டுந்தான் பாக்கி என்று ரபீகா சிரித்தார், கொஞ்சம் கழித்து முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேக்கரிக்காரர் வந்து, மனசுல வச்சுக்காதீங்க என்று சொல்லி ஒரு பொட்டலம் பணிஸ் கொடுத்தார், வாங்கிக்கொண்டோம். லொறியில் வரும்போது கைரியா இவள் தோளில் சாய்ந்தாள். சந்திரிகா தோளை எடுக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அதன் பிறகு அவள் பின்வேலிப் பக்கம் போகவே இல்லை. புல் அறுக்கவில்லை. கைரியா கூப்பிட்டால் தலைவலி என்றாள். பசு கிடைக்காத வருத்தம் என்று அப்பா நினைத்தார், பெயர் போடாத கோபம் என்று நான் நினைத்தேன். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவளாகவே, நான் இல்லாமலும் அது நடக்குதும்மா என்றாள். நடக்கத்தானே வேண்டும், நீ எத்தனை நாள் கூடப் போவாய் என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்று தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பஹ்மி கன்றை ஏற்றிப்போக லொறி கொண்டு வந்தார். சீனி வளர்ந்து கன்று போட்டதும் திரும்பக் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. லொறிச் சத்தம் கேட்டும் சந்திரிகா அடுக்களையை விட்டு எழவில்லை, என்னோடு உட்கார்ந்து பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கைரியா பின்கதவால் உள்ளே வந்து நின்றாள், முகம் வீங்கியிருந்தது. ஏத்தப் போறாங்க, வா என்றாள். இவள் நிமிராமல், அன்னைக்கு வளையத்துல என்னைத் தேடவே இல்லையா அது என்று கேட்டாள். கைரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிள்ளையை நான் சின்ன வகுப்பில் படிப்பித்திருக்கிறேன், வாயில் பொய் வராது. தேடிச்சி, கயித்தோரம் பூரா பாத்திச்சி, கத்திச்சி, நான் திரும்பிப் பாக்காம முன்னால போனேன், பொறகு நடந்திச்சி என்றாள்.

சந்திரிகா கத்தியைக் கீழே வைத்தாள். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனாள். நான் எழவில்லை. ஜன்னலால் பார்த்தபோது ஒருத்தி ஒரு பக்கம், மற்றவள் மறு பக்கமாகக் கன்றைப் பலகை வழியே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லொறி பேராதனைப் பக்கம் திரும்பி மறைந்த பிறகும் இரண்டு பேரும் ரோட்டிலேயே வெகுநேரம் நின்றார்கள், சோறு ஆறிப்போகிறது என்று அப்பா போய்த்தான் கூட்டி வந்தார்.

இதுதான் இங்கத்தைய விசேஷம். அடுத்த வருஷத்துக்குச் சந்திரிகா கோழி வளர்க்கப் போகிறாளாம், கூடு நம் முற்றத்தில், பெயர் அவளுடையது. நீ அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, கன்றைப் பற்றி நீயாக ஒன்றும் கேட்காதே, அவள் சொன்னால் கேட்டுக்கொள். வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைக்கும்போது உன் பெயரைச் சொல்லித்தான் வைக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, யாரோடும் வாய்ச்சண்டைக்குப் போகாதே, ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை என்றால் அதற்காக மனம் வருந்தாதே, கிடைக்கும்போது வா. எங்கே இருந்தாலும் நீ நிமிர்ந்து நடக்க அந்தக் கதிரேசன் துணை நிற்கட்டும். மலேரியாக் குளிசை முடிவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா
ரா. அன்னலட்சுமி