இடது பக்கம் ஒரு பார்வை

அன்புள்ள சகோதரிக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைத்தடியை விட்டுவிட்டீர்களா என்று உண்மையாகவே அறிய விரும்புகிறேன்.

என் கணவரின் பாலே பள்ளியை அவர் மறைவுக்குப் பிறகு அவருடைய மாணவிதான் நடத்துகிறாள். கெட்டிக்காரி. ஆனால் காலணியின் நாடா முனை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அவர் வகுப்பையே நிறுத்திவிடுவார். இவள் கண்டும் காணாமல் விடுகிறாள். போன வாரம் நானே ஊசிநூலோடு போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவருடைய தனி நடனத்தை மறுபடி மேடையேற்றுகிறார்கள். கணுக்கால் முரண்டு பிடித்த அந்த வருடம், ஆட்டக்காரராக அவருடைய கடைசி நிகழ்ச்சிகளில் ஆடியதும் தாமே அமைத்த முதல் நடனமும் அதுதான். உங்களுக்குத் தெரியாததா? கடைசித் தாவலுக்கு முன் சட்டென்று நின்று, இடது பக்கத் திரைமறைவைப் பார்ப்பார். பிறகுதான் தாவல். மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தார்.

பள்ளியை நடத்தும் அந்த ஆசிரியை என்னிடம் வந்து, "அம்மா, சார் அங்க எதைப் பாக்கறாரு? ஆடற பொண்ணு கேக்குறா, எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள். மரணத்தைப் பார்க்கிறார் என்றானாம் ஒரு மாணவன். இல்லை, கடவுளை என்றாளாம் இன்னொருத்தி. கடவுள் அந்தப் பக்கம் நின்றதாக எனக்கு நினைவில்லை. துண்டும் தண்ணீருமாக நான்தான் நின்றேன். அப்படியே சொன்னேன், கொஞ்சம் பெருமையோடுதான். "அட, உங்களைத்தானா! நிகழ்ச்சித்தாள்ல போட்டுடலாம்மா" என்று குதித்தாள்.

ஒத்திகையன்று பழைய இடத்தில் போய் நின்று பார்த்தேன். ஆடும் பெண்ணின் பார்வை என் தலைக்கு மேலே போயிற்று. கண்ணைக் கொஞ்சம் இறக்கச் சொன்னேன். "இல்லம்மா, இறக்கினா சார் திட்டுவாரு. இன்னும் மேல, இன்னும் மேலம்பாரு" என்றாள் ஆசிரியை. இந்த வயதில் நுனிக்காலில் நின்றும் பார்த்தேன். எட்டவில்லை. பியானோக்காரர் இருமுவதுபோல் சிரித்தார்.

அன்று முதல் இதே யோசனைதான். என் பின்னால் விளக்கு ஏதாவது இருந்ததா? கடிகாரம்? எனக்குத் தெரியாது. நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை, அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிகழ்ச்சிகளில் இதற்கு அடுத்த நடனத்தில் அவருக்கு நீங்கள்தான் ஜோடி. அதற்காக எந்தப் பக்கம் காத்திருந்தீர்கள்? நீங்கள் என்னைவிட ஒரு சாண் உயரம் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

நிகழ்ச்சித்தாளில் அந்த வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உறுதியாகத் தெரியாததை அச்சில் ஏற்றினால், கான்வென்டில் என்னைப் படிக்கவைத்த கன்னியர் கல்லறையிலிருந்து எழுந்து வருவார்கள். ஆனால் பார்வை இருக்கட்டும் என்றேன். அது இல்லாவிட்டால் அந்தத் தாவல் வெறும் தாவல்தான்.

எழுத மனமில்லையென்றால் எழுதாதீர்கள். அரங்கேறும் நாளில் நேரில் வாருங்கள், கைத்தடியோடு வந்தாலும் சரி. திரைமறைவில் என் பின்னால் நில்லுங்கள், அன்று நின்ற இடம் அதுவானால். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

உங்கள் கால்களுக்கு நல்ல பலம் கிடைக்கப் பிரார்த்திக்கும்,
அவர் மனைவி